நெரிசலின் தலை எங்கே இருக்கிறது?

மேம்பாலச் சந்திப்புகளை விரிவாக்குவது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, நெடுஞ்சாலைத் திட்டமிடலிலும் கட்டுமானத்திலும் இருக்கும் பொறியாளர்கள் பதில் தருகிறார்கள். ஊர்ப் பெயரை மட்டும் வெளியிடுகிறோம்.

எங்கள் பகுதியில் நான்கு பக்கமும் லூப், அதாவது வட்டமடித்துத் திரும்பும் பாதை, வைத்த மேம்பாலம் இருக்கிறது. திறந்த புதிதில் நிற்காமல் போனோம். இப்போது சாயங்காலம் பாலத்தின் மேலேயே வண்டிகள் நிற்கின்றன. இன்னொரு பாலம் கட்டினால்தான் விடிவா?
*- மதுரவாயல் வாசகர்*

பாலத்தின் மேல் நிற்கிறீர்கள் என்பதற்காகப் பாலத்தில்தான் கோளாறு என்று சொல்லிவிட முடியாது. வண்டி வரிசைக்குத் தலையும் வாலும் உண்டு. பெரும்பாலும் மக்கள் பார்ப்பது வாலை. தலை அரை கிலோமீட்டர், ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கும். அங்கே கை வைக்காமல் வாலில் பாலம் கட்டினால், வரிசை இன்னும் உயரத்தில் நிற்கும், அவ்வளவுதான்.

தலையைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டாம். நெரிசல் நேரத்தில், வண்டிகள் போகும் திசையிலேயே முன்னோக்கிப் போங்கள். எந்த இடத்தைத் தாண்டியதும் வண்டிகள் கியர் மாற்றி வேகம் எடுக்கின்றனவோ அதுதான் தலை. செவ்வாய், புதன், வியாழன் என்று மூன்று நாள், 15 நிமிடத்துக்கு ஒரு முறை அந்த இடத்தை வரைபடத்தில் குறித்தால் போதும். திங்களும் வெள்ளியும் வழக்கத்துக்கு மாறான நாட்கள். குறித்த புள்ளிகள் ஒரே இடத்தில் குவிந்தால் பிரச்சினை ஒன்று. இரண்டு இடங்களில் குவிந்தால் முதலாவதைத் தீர்த்ததும் இரண்டாவது வெளியே வரும். இரண்டுக்கும் சேர்த்தே திட்டமிட வேண்டும்.

தலை வழக்கமாக உட்கார்ந்திருக்கும் இடங்கள் சிலதான். ராம்ப், அதாவது ஏறி இறங்கும் இணைப்புச் சரிவு, இறங்கும் இடத்திலேயே பேருந்து நிறுத்தம். சர்வீஸ் ரோட்டிலிருந்து பிரதான சாலைக்குள் நுழைய விட்ட இடைவெளி. அடுத்த சிக்னல். சுங்கச்சாவடி. எல்லாவற்றையும்விட அதிகம் காணப்படுவது லேன் குறைவது: மூன்று லேன் சாலையில் இரண்டு லேன் ராம்ப் வந்து சேர்கிறது, தாண்டியதும் மறுபடி மூன்றே லேன். ஐந்து, மூன்றாகிறது. சேரும் லேன்களின் கூட்டுத்தொகையில் ஒன்றுக்கு மேல் குறையக் கூடாது என்பது அடிப்படை விதி. அதாவது தாண்டிய பிறகு குறைந்தது நான்கு லேன் வேண்டும். அந்த நான்காவது லேனை அடுத்த வெளியேறும் வழி வரை கொண்டுபோய் விட்டால் அதுவே பாதி வியாதிக்கு மருந்து. இதற்குப் பாலம் தேவையில்லை. சாலை ஓரம் 3.5 மீட்டர் தார் போதும்.

பெங்களூரு ஹெப்பாளத்தைப் பாருங்கள். அங்கே மேம்பாலம் திறந்தது 2003. தேவனஹள்ளியில் விமான நிலையம் திறந்தது 2008. பாலம் யோசிக்கப்பட்டபோது இல்லாத ஒரு போக்குவரத்து, ஐந்து ஆண்டில் வந்து சேர்ந்தது. விமான நிலையப் பக்கமிருந்தும் வெளிவட்டச் சாலையிலிருந்தும் நகரத்துக்குள் வரும் வண்டிகள் எல்லாம் ஒரு குறுகலில் வந்து முட்டின. அதன்பின் பல ஆண்டுகளாக ஒவ்வொரு லூப்பாகச் சேர்க்கிறார்கள், கே.ஆர்.புரம் பக்கமிருந்து மேக்ரி வட்டம் நோக்கிய புதிய லூப் 2025-இல்தான் திறக்கப்பட்டது. உங்கள் ஊருக்கும் இது பொருந்தும். துறைமுகம் – மதுரவாயல் உயர்மட்டச் சாலை முதலில் 2009-இல் அடிக்கல் நாட்டப்பட்டு, கூவத்தில் தூண்கள் வருவதை ஒட்டிய பிரச்சினையில் 2012-இல் நின்றுபோனது. பிறகு ஈரடுக்குச் சாலையாக மாற்றப்பட்டு 2022-இல் மறுபடி அடிக்கல் கண்டது. துறைமுகத்துக் கன்டெய்னர் லாரிகள் நேராக மதுரவாயலில் வந்து இறங்கப் போகின்றன என்றால், இன்றைய வண்டிகளை மட்டும் எண்ணி அந்தச் சந்திப்பை விரிவாக்குவது வீண் வேலை.

விரிவாக்கத் திட்டத்துக்கு வாகனங்களை எப்படி எண்ணுகிறார்கள்? மொத்தம் இத்தனை ஆயிரம் என்று செய்தித்தாளில் வருகிறதே, அது போதுமா?
*- பொறியியல் மாணவி, திருச்சி*

போதாது. ஒரு சந்திப்பில் நாளுக்கு ஒரு லட்சம் வண்டி என்பது தலைப்புச் செய்திக்கு உதவும், வடிவமைப்புக்கு உதவாது. நான்கு சாலை கூடும் இடத்தில் யூ-டர்ன் நீங்கலாக, நேராகப் போவதையும் சேர்த்து 12 திருப்பங்கள் உண்டு. ஒவ்வொன்றையும் தனித்தனியாக, 15 நிமிடத் துண்டுகளாக, வண்டி வகை பிரித்து எண்ண வேண்டும். சாலையின் நடுப்பகுதியில் 7 நாள் 24 மணி நேர எண்ணிக்கை, சந்திப்பில் திருப்ப எண்ணிக்கை, எங்கிருந்து எங்கே என்று கேட்கும் ஆய்வு, இந்த மூன்றும் சேர்ந்தால்தான் படம் முழுமை.

வகை பிரித்தவற்றை ஒரே அலகாக்குவது பி.சி.யூ., அதாவது ஒரு வண்டி எத்தனை காருக்குச் சமம் என்ற அளவு. கார் 1 என்று வைத்தால், இந்தியச் சாலைக் குழுமமான ஐ.ஆர்.சி. ஊரகச் சாலைகளுக்குத் தரும் மதிப்புகள்: இருசக்கர வாகனம் 0.5, ஆட்டோ 1, சிறு சரக்கு வாகனம் 1.5, பேருந்தும் இரண்டச்சு லாரியும் 3, பல அச்சு லாரியும் டிராக்டர் டிரெய்லரும் 4.5. மாட்டு வண்டிக்கு 8! நகரச் சாலைகளுக்கு வேறு பட்டியல். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு வலப்புறத் திருப்பத்தில் நெரிசல் மணியில் 400 இருசக்கர வாகனம், 250 கார், 60 ஆட்டோ, 40 சிறு சரக்கு வாகனம், 50 பேருந்து, 40 லாரி, 20 பல அச்சு லாரி என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டிகள் 860. பி.சி.யூ.வில் 200 + 250 + 60 + 60 + 150 + 120 + 90, ஆக 930. ஆண்டுக்கு 6 சதவீத வளர்ச்சி என்றால் 15 ஆண்டில் 2.4 மடங்கு, அதாவது ஏறக்குறைய 2,230. ஒற்றை லேன் லூப் ஒன்று மணிக்கு 800 முதல் 1,200 வரைதான் தாங்கும். 1,200 என்பது லாரி இல்லாத, வளைவு தாராளமான லூப்புக்கு. தாராளமாகவே 1,200 என்று வைத்தாலும் 930, 1,200-ஐத் தொட நாலரை ஆண்டு போதும். நிலம் எடுத்து, டெண்டர் விட்டு, கட்டி முடிக்கவே அவ்வளவு காலம் ஆகும். திறப்பு விழா அன்றே நிரம்பி வழியும் லூப்பை யாரும் தெரிந்தே வரைவதில்லை. திருப்பத்தைத் தனியாக எண்ணாமல் மொத்தத்தை மட்டும் எண்ணியவர்கள்தான் வரைகிறார்கள். இந்தத் திருப்பத்துக்கு லூப்பே கூடாது. இரண்டு லேன் நேரடி ராம்ப் வேண்டும் என்று இந்தக் கணக்கே சொல்லிவிடுகிறது.

இன்னொரு பொறி இருக்கிறது. நெரிசலில் சிக்கிய சந்திப்பில் நின்று எண்ணினால் கிடைப்பது தேவை அல்ல, அந்தச் சந்திப்பு எவ்வளவு வெளியே விடுகிறது என்பதுதான். மணிக்கு 3,000 வண்டி வந்து சேர்ந்தாலும் 2,000-தான் தாண்ட முடியும் என்றால் உங்கள் தாளில் 2,000 என்றே பதிவாகும். ஆகவே வரிசையின் வாலுக்கும் பின்னால் ஓர் ஆளை நிறுத்தி, வந்து சேரும் வண்டிகளையும் எண்ண வேண்டும். ட்ரோன் படம் எடுத்தால் வரிசையின் நீளம் கூடுவதையும் குறைவதையும் வைத்தே இதைக் கணக்கிடலாம். பல திட்ட அறிக்கைகளில் இந்த ஒரு படி இருப்பதில்லை.

கத்திப்பாராவில் இருப்பது போன்ற நான்கிலை வடிவம்தானே இருப்பதிலேயே சிறந்தது? எல்லாச் சந்திப்புகளையும் அப்படி மாற்றலாமே?
*- ஆலந்தூர் வாசகர்*

2008-இல் திறந்த கத்திப்பாரா மேலிருந்து பார்க்க அழகு, மறுப்பதற்கில்லை. ஆனால் க்ளோவர்லீஃப் எனப்படும் இந்த நான்கிலை வடிவத்துக்குள் ஒரு பிறவிக் குறை உண்டு. நம்மைப் போல் இடப்பக்கம் ஓட்டும் நாட்டில், வலப்புறம் திரும்ப நினைப்பவர் பாலத்தைக் கடந்து, இடப்பக்கமாக முக்கால் வட்டம் அடிக்கிறார். ஒரு லூப்பிலிருந்து உள்ளே வருபவர் வேகமெடுத்து வலப்பக்க லேனுக்குப் போகப் பார்க்கிறார். அதே இடத்தில் அடுத்த லூப்புக்குள் நுழைய வேண்டியவர் வேகத்தைக் குறைத்து இடப்பக்கம் வரப் பார்க்கிறார். இருவருக்கும் கிடைப்பது பாலத்தை ஒட்டிய 100, 150 மீட்டர். இந்தப் பின்னலில் பின்னுகிறவர்கள் மணிக்கு 1,000 பேரைத் தாண்டினால் பிரதான சாலையின் வேகமும் சரியத் தொடங்கும்.

மருந்து இரண்டு. ஒன்று, பிரதான சாலைக்கு இணையாக, தடுப்புச் சுவரால் பிரித்த ஒரு துணைச் சாலை போட்டு, பின்னல் முழுவதையும் அதற்குள் தள்ளிவிடுவது. மற்றொன்று, லூப்பையே எடுத்துவிடுவது. நான்கு லூப்பில் நான்கு பின்னல் இடங்கள் உண்டு. ஒவ்வொரு லூப்பும் இரண்டு பின்னலில் பங்கு வகிக்கிறது. எதிரெதிர் மூலையில் உள்ள இரண்டு லூப்பை நீக்கி அவற்றுக்குப் பதில் நேரடி ராம்ப் போட்டால் நான்கு பின்னலும் ஒரேயடியாகப் போய்விடும். பக்கத்துப் பக்கத்து லூப் இரண்டை நீக்கினால் மூன்றுதான் போகும். எனவே எந்த மூலைவிட்டத்தில் அதிகம் திரும்புகிறார்கள் என்று பார்த்து அந்த ஜோடியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்தின் உட்பிரிட்ஜ் ஊரில் 1929-இல் திறந்த க்ளோவர்லீஃப் அந்நாட்டின் முதல். அதையே பிற்காலத்தில் கலைத்துவிட்டு எளிய வடிவம் அமைத்துவிட்டார்கள்.

கத்திப்பாராவில் இன்னொரு கட்டுப்பாடு: மேம்பாலத்துக்கும் மேலே மெட்ரோ பாதை போகிறது, அடியில் கடைகளும் பூங்காவும் வந்துவிட்டன. புதிய ராம்பின் தூண்களுக்கு இடம் தேடுவதே அங்கு தனி ஆராய்ச்சி.

லூப்புக்கு 60 மீட்டர் ஆரம் வேண்டும் என்று எங்கள் நிலத்தில் கல் நட்டிருக்கிறார்கள். 30 மீட்டர் போதாதா? வண்டி மெதுவாகத்தானே போகும்?
*- ஊராட்சி உறுப்பினர், செங்கல்பட்டு மாவட்டம்*

நியாயமான கேள்வி. வளைவின் ஆரத்தைத் தீர்மானிப்பது வேகத்தின் வர்க்கம். வேகத்தை வர்க்கமாக்கி, 127-ஆல் வகுத்து, சாலையின் வெளிவிளிம்பு உயர்வையும் டயர் பிடிமானத்தையும் கூட்டிய தொகையால் மறுபடி வகுக்க வேண்டும். விளிம்பு உயர்வு 0.07, பிடிமானம் 0.15 என்று வைத்தால் 40 கி.மீ. வேகத்துக்கு 57 மீட்டர் வருகிறது; 60 என்று வைக்கிறோம். 30 கி.மீ. வேகத்துக்கு 32 மீட்டர். ஆகவே 30 கி.மீ.-க்குச் சற்றுக் குறைந்த வேகத்தில் 30 மீட்டர் ஆரத்திலும் வண்டி போகும், கணக்குப்படி சரிதான்.

சிக்கல் உயரத்தில் வருகிறது. கீழ்ச் சாலைக்கு 5.5 மீட்டர் இடைவெளி, அதன்மேல் கர்டரும் (தளத்தைத் தாங்கும் உத்தரம்) தளமும் சேர்ந்து இரண்டு, இரண்டரை மீட்டர். ஆக 8 மீட்டர் ஏற வேண்டும். 60 மீட்டர் ஆரத்தில் முக்கால் வட்டம் 283 மீட்டர் நீளம், சரிவு 2.8 சதவீதம். 30 மீட்டர் ஆரத்தில் நீளம் 141 மீட்டர்தான், சரிவு 5.7 சதவீதம். ராம்புகளுக்கு 4 சதவீதம் நல்லது, 6 உச்சவரம்பு. உச்சவரம்பை ஒட்டிய சரிவோடு இறுக்கமான வளைவும் சேர்ந்தால், இறங்கும்போது பிரேக் பிடிக்கும் கன்டெய்னர் லாரி சாய்கிறது. ஏறும்போது சுமை லாரி முதல் கியரில் ஊர்ந்து லூப்பையே அடைக்கிறது. மழை நாளில் இது இன்னும் மோசம்.

நிலத்தைக் குறைக்க வேறு வழி கேளுங்கள். முழு வட்டமாக இல்லாமல், பெரிய ஆரத்தில் தொடங்கிச் சிறிய ஆரத்துக்குப் போகும் கூட்டு வளைவு வரையலாம். ஆனால் பெரியது சிறியதைப் போல் ஒன்றரை மடங்குக்கு மேல் இருக்கக் கூடாது, திடீர் இறுக்கம் ஆபத்து. உங்கள் மூலையில் திரும்புகிறவர்கள் குறைவு என்றால், அந்த லூப்பை விட்டுவிட்டு அவர்களை முன்னால் உள்ள யூ-டர்னுக்கு அனுப்பலாம். திருப்ப எண்ணிக்கைத் தாளைக் கேட்டு வாங்கி, உங்கள் மூலைக்கான எண்ணைப் பார்த்த பிறகு பேசுங்கள். 200 பி.சி.யூ.வுக்காக ஒரு லூப் என்றால் எதிர்ப்புக்கு வலு இருக்கிறது. 900 என்றால் இல்லை.

நில எடுப்பு அறிவிப்பு வந்துவிட்டது. எத்தனை நாளில் ஆட்சேபம் தெரிவிக்க வேண்டும்?
*- அதே மாவட்டத்திலிருந்து இன்னொருவர்*

தேசிய நெடுஞ்சாலை என்றால் 1956-ஆம் ஆண்டு தேசிய நெடுஞ்சாலைகள் சட்டத்தின் 3ஏ பிரிவு அறிவிப்பு (நிலம் எடுக்கும் எண்ணத்தைச் சொல்வது) வெளியான நாளிலிருந்து 21 நாள். நாள் எண்ணுவது உங்கள் கைக்குக் காகிதம் வந்த நாளிலிருந்து அல்ல, அறிவிப்பு வெளியான நாளிலிருந்து. இதைப் பலர் கோட்டை விடுகிறார்கள். 3ஏ-க்குப் பின் ஓராண்டுக்குள், நிலத்தை எடுப்பதாக உறுதி செய்யும் 3டி அறிவிப்பு வராவிட்டால் 3ஏ காலாவதி. இடையில் நீதிமன்றத் தடை இருந்தால் அந்தக் காலம் கணக்கில் வராது. இழப்பீடு 2013-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின் அடிப்படையில். மாநில நெடுஞ்சாலைக்குத் தமிழ்நாடு நெடுஞ்சாலைகள் சட்டம், 2001, நடைமுறை வேறு.

அளவெடுக்க வரும்போது எஃப்.எம்.பி. எனும் புல அளவை வரைபடத்தோடு நீங்களும் நில்லுங்கள். கிணறு, ஆழ்துளைக் குழாய், தென்னை, சுற்றுச்சுவர், தகரக் கொட்டகை எல்லாம் அன்றே பட்டியலில் ஏற வேண்டும். நிலம் இரண்டாகத் துண்டுபட்டு மீதி பயனற்றுப் போனால் அதற்கும் தனியாக இழப்பீடு கேட்கலாம்.

சுரங்கப்பாதை நல்லதா, மேம்பாலம் நல்லதா?
*- வேளச்சேரி வாசகர்*

ராம்ப் நீளத்தில் சுரங்கப்பாதைக்கு ஆதாயம். கீழே இறங்க ஆறரை மீட்டர் போதும். 30-க்கு 1 சரிவில் 195 மீட்டர். மேம்பாலத்துக்கு 240. சத்தமும் குறைவு. ஆனால் சென்னை போன்ற தாழ்வான, நிலத்தடி நீர் மேலே இருக்கும் ஊரில் கணக்கு மாறும். இரண்டு பக்க ராம்பும் தலா 200 மீட்டர், அகலம் 20 மீட்டர் என்றால் திறந்த பரப்பு 8,000 சதுர மீட்டர். மணிக்கு 100 மி.மீ. மழை கொட்டினால் 800 கன மீட்டர், விநாடிக்கு 222 லிட்டர். அவ்வளவையும் இறைக்க வேண்டும், மின்சாரம் போன நேரத்திலும். ஒரு பம்பு ஓடும்போது மற்றொன்று தயாராக, ஜெனரேட்டர் உயரமான மேடையில். ஜெனரேட்டரைச் சம்புக்குப் பக்கத்திலேயே தரையில் வைத்துவிட்டு, வெள்ளத்தில் அதுவே முதலில் மூழ்கும் கூத்தும் நடக்கிறது.

உண்மையில் சுரங்கத்தை நிரப்புவது மேலே விழும் மழை அல்ல, பக்கத்துத் தெருக்களிலிருந்து வழிந்து வருவது. ராம்ப் இறங்கத் தொடங்கும் முன் சாலையை 30 முதல் 45 செ.மீ. ஏற்றி ஒரு திட்டு வைத்து, அதற்கு முன்னால் குறுக்கு வடிகாலும் போட்டால் பாதிப் பிரச்சினை தீரும். சுரங்கப்பாதையின் கான்கிரீட் பெட்டி முழுவதும் நிலத்தடி நீரில் மிதக்க முயலும் என்பதால் அதன் எடையும் சரிபார்க்கப்பட வேண்டும்.

சிக்னல் நேரத்தைக் கூட்டினாலே போதாதா? எதற்குக் கோடிகள்?
*- சேலம் வாசகர்*

சில இடங்களில் போதும். ஐ.ஆர்.சி. கணக்கில் பச்சை நேரத்தில் ஒரு மணிக்கு வெளியேறும் பி.சி.யூ., சாலை அகலத்தை 525-ஆல் பெருக்கினால் வரும். 10.5 மீட்டர் அகலத்துக்கு 5,500. ஆனால் 120 விநாடிச் சுற்றில் உங்களுக்குக் கிடைப்பது 30 விநாடி பச்சை என்றால் கையில் மிஞ்சுவது 1,375. எல்லாருக்கும் நேரத்தைக் கூட்டினால் சுற்று நீள்கிறது, பங்கு மாறுவதில்லை. பங்கைக் கூட்ட ஒரே வழி கட்டங்களை, அதாவது ஒரு சுற்றில் பச்சை மாறி மாறி விழும் முறைகளை, குறைப்பது. வலப்புறத் திருப்பத்தைத் தடுத்து, முன்னால் யூ-டர்னுக்கு அனுப்பினால் நான்கு கட்டம் இரண்டாகி, பச்சை நேரம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். சென்னையில் பல சாலைகளில் இதைத்தான் செய்கிறார்கள். ராஜீவ் காந்தி சாலையில் யூ வடிவ மேம்பாலங்கள் கட்டியதும் இதே கருத்தில்தான்.

யூ-டர்ன் வைக்கும் இடம் முக்கியம். சிக்னல் வரிசையின் வால் அதை மறைக்காத தூரத்தில் இருக்க வேண்டும். பேருந்தும் லாரியும் ஒரே வீச்சில் திரும்ப, எதிர்ச் சாலையின் ஓரத்தில் கூடுதல் அகலம் விட வேண்டும். அது இல்லாவிட்டால் லாரி முன்னும் பின்னும் போய்த் திரும்ப, இரண்டு திசையும் நிற்கும். சந்திப்பின் எல்லாக் கைகளும் சேர்ந்து மணிக்கு 10,000 பி.சி.யூ.வைத் தாண்டும் என்றால்தான் முழு அடுக்குச் சந்திப்பு என்ற பேச்சுக்கே நகரங்களில் ஐ.ஆர்.சி. இடம் தருகிறது.

பழைய பாலத்தோடு ஒட்டி இரண்டு லேன் சேர்த்தால் செலவு மிச்சம் அல்லவா?
*- ஒப்பந்த நிறுவன மேற்பார்வையாளர், கோவை*

மிச்சம்தான், இரண்டு இடத்தில் கவனமாக இருந்தால். பழைய அடித்தளம் அமர்ந்து முடிந்தது. புதியது இனிமேல்தான் அமரும். பழைய கான்கிரீட் சுருங்கி முடிந்தது, புதியது சுருங்கிக்கொண்டிருக்கும். இரண்டையும் உடனே கட்டிப் போட்டால் இணைப்பில் விரிசல் உறுதி. புதிய பகுதியைத் தனியாக முடித்து, இரண்டு மூன்று மாதம் விட்டு, நடுவில் ஒரு கீற்றை மட்டும் பிறகு கான்கிரீட் போட்டு இணைக்க வேண்டும். அந்த நேரத்தில் பழைய பாலத்தில் லாரி ஓடினால் பச்சைக் கான்கிரீட் அதிரும். இரவில் கனரக வாகனங்களைத் திருப்பிவிடுங்கள்.

இணைக்காமல் நீளவாக்கில் இடைவெளி விட்டு ரப்பர் ஜாயின்ட் போடுவது சுலபம். ஆனால் அந்தக் கோடு லேன் நடுவில் வந்தால் இருசக்கர வாகனத்துக்கு எமன். லேன் பிரிக்கும் கோட்டிலோ நடுத்தடுப்பின் அடியிலோ வருமாறு வரையுங்கள்.

தனிக் கர்டர் பற்றியும் ஒரு எச்சரிக்கை. 30 மீட்டர் கர்டர் ஒன்று சுமார் 60 டன். இரவு 11 மணிக்கு மேல் இரண்டு கிரேன் வைத்துத் தூக்கி பேரிங் மேல் உட்கார வைத்துவிட்டு, பக்கவாட்டுத் தாங்கல் இல்லாமல் விடிவதற்குள் வண்டிகளை விட்டுவிடக் கூடாது. ஒல்லியான ஐ வடிவக் கர்டர் தனியாக நிற்கும்போது காற்றோ ஒரு சிறு மோதலோ போதும். அடுத்த கர்டரோடு குறுக்குச் சட்டம் போட்டுப் பூட்டிய பிறகுதான் கிரேன் கொக்கியை அவிழ்க்க வேண்டும்.

வேலை தொடங்கினால் மூன்று வருடம் கடையை மூட வேண்டியதுதானா?
*- சாலையோர வியாபாரி, தாம்பரம்*

வேலை நடக்கும் வரிசையைப் பாருங்கள், எத்தனை நாள் பாதிப்பு என்று உங்களுக்கே தெரிந்துவிடும். சரியான வரிசை: முதலில் குழாய், கேபிள் மாற்றம். அடுத்து மழைநீர் வடிகால். அதன்பின் இருபக்கச் சர்வீஸ் ரோடு, குறைந்தது இரண்டு லேன், தார் போட்டு முடித்து. அதற்கும் பிறகுதான் நடுவில் தகரம் அடித்து பைலிங் இயந்திரத்தை (தூணின் அடித்தளத்துக்கு ஆழமாகத் துளை போடுவது) இறக்குவது. பைலிங் முதலில் தொடங்கினால் கண்ணுக்கு வேலை நடப்பது போல் தெரியும். ஆனால் முதல் பைல் குழியிலேயே குடிநீர்ப் பிரதானக் குழாயோ 33 கே.வி. கேபிளோ குறுக்கிடும், இயந்திரம் மாதக்கணக்கில் நிற்கும், நீங்கள் தகரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். பழைய வரைபடங்களை நம்பக் கூடாது. ஒவ்வொரு தூண் இடத்திலும் இரண்டு மீட்டர் ஆழத்துக்குக் கையால் குழி தோண்டிப் பார்த்துவிட்டே தூணின் இடத்தை முடிவு செய்ய வேண்டும். தூணை ஒரு மீட்டர் நகர்த்துவது காகிதத்தில் இலவசம்.

வியாபாரிகள் சங்கமாகக் கேட்க வேண்டியது ஒன்றே: சர்வீஸ் ரோடு முடியாமல் நடுச்சாலையை மூடக் கூடாது என்ற நிபந்தனை ஒப்பந்தத்தில் இருக்கிறதா?

ராம்பிலிருந்து ஹைவேயில் சேரும்போது யாரும் வழி விடுவதில்லை. டிரைவர்கள் மீது தப்பா, சாலை மீது தப்பா?
*- லாரி ஓட்டுநர், நாமக்கல்*

பெரும்பாலும் சாலை மீது. 40 கி.மீ. வேகத்தில் லூப்பை விட்டு வெளியே வரும் கார் 80-ஐத் தொட, விநாடிக்கு விநாடி 1 மீட்டர் வேகம் கூடினால், 185 மீட்டர் வேண்டும். சுமை ஏற்றிய லாரிக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு முடுக்கம்கூடக் கிடைக்காது. 600 மீட்டருக்கு மேல் ஆகும். நம் ஊரில் பல இடங்களில் தரப்படுவதோ 60, 80 மீட்டரில் குறுகி முடிந்துவிடும் கூம்பு. அந்த முனையில் நின்று இடைவெளிக்காகக் காத்திருப்பது தவிர லாரிக்கு வழி இல்லை. நின்ற லாரி மறுபடி கிளம்பும்போது பின்னால் வருபவர் பிரேக் அடிக்கிறார், அங்கேயே வரிசையின் தலை உருவாகிறது. லாரி அதிகம் வரும் ராம்ப் என்றால் கூம்பாக முடிக்காமல், தனி லேனாகவே தொடரவிடுவதுதான் சரி.

எங்கள் மேம்பாலத்தில் ஏறும் இடத்தில் வண்டி தூக்கிப் போடுகிறது. ஏன்?
*- விழுப்புரம் வாசகர்*

பாலம் பைல் மேல் நிற்கிறது, அசையாது. அதை ஒட்டிய மண் நிரப்பல் அமர்கிறது. இடையில் போடும் அணுகு பலகை, குறைந்தது 3.5 மீட்டர் நீளக் கான்கிரீட், அந்த வித்தியாசத்தைச் சரிவாக மாற்றத்தான். அதன் அடியில் மண்ணை 20 செ.மீ. அடுக்காக இறுக்காமல் கொட்டி நிரப்பினாலோ, ஜாயின்ட் வழியாக மழைநீர் இறங்கி மண்ணை அரித்தாலோ பலகையே இறங்கிவிடும். மேலே தார் பூசி மேடாக்குவது ஒரு மழைக்கு வரும். ஜாயின்டை மாற்றி, பலகையின் அடியில் சிமென்ட் கலவை அழுத்திச் செலுத்தினால் நிற்கும்.

பாலத்துக்கு அடியில் 5.5 மீட்டர் என்று பலகை இருக்கிறது. ஆனால் கன்டெய்னர் உரசுகிறதே?
*- துறைமுக லாரி உரிமையாளர், எண்ணூர்*

பலகை எழுதிய நாளில் 5.5 இருந்திருக்கும். அதன்பின் ஒவ்வொரு முறை கீழ்ச் சாலைக்குத் தார் போடும்போதும் 40, 50 மி.மீ. ஏறுகிறது, நாலு முறை போட்டால் 20 செ.மீ. போய்விடும். பாலத்துக்கு அடியிலும் இருபக்கம் 50 மீட்டரிலும் பழைய தாரைச் சுரண்டி எடுத்த பிறகே புதிது போட வேண்டும் என்று பராமரிப்பு ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். இப்போதைக்கு, சாலைக்குக் குறுக்கே கர்டர் வாரியாக அளந்து, இருப்பதிலேயே குறைவான அளவைப் பலகையில் எழுதச் சொல்லி மனுக் கொடுங்கள். அளக்கும்போது சாலையின் நடு முகட்டில் அளக்க வேண்டும். ஓரத்தில் அளந்தால் 15 செ.மீ. வரை கூடுதலாகக் காட்டும்.